பட்டணத்துக் காணியை விற்பதா, வைத்துக்கொண்டே வீடு கட்டுவதா? திருகோணமலைக்கு நான்கு வழிகள்

திருகோணமலைப் பட்டணத்தில் சாதாரண குடும்பம் ஒன்றுக்குக் காணி கிடைப்பது ஏன் இவ்வளவு கடினம் என்பதற்கு வரைபடமே பதில் சொல்லும். ஒரு பக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல். மிஞ்சிய தரையில் துறைமுக அதிகாரசபைக்கு ஒரு பங்கு, முப்படைகளுக்கு ஒரு பங்கு, சீனக்குடாப் பக்கம் எண்ணெய்த் தாங்கிகளுக்கு ஒரு பங்கு. உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் ஹோட்டல்கள் பெருகிய பிறகு அந்தப் பக்கமும் கூலிக்காரர் எட்டிப் பார்க்க முடியாத விலை. திருக்கடலூரிலும் வீரநகரிலும் பள்ளத்தோட்டத்திலும் ஒரே வளவுக்குள் தாயும் மகளும் பேத்தியும் ஆளுக்கொரு அடுப்பு வைத்து வாழ்வது அதனால்தான்.

இந்த நிலையில் உள்ளூராட்சிச் சபையின் பெயரில் பட்டணத்துக்குள் பற்றை பிடித்துக் கிடக்கும் ஒரு அரை ஏக்கர் பொன்னுக்குச் சமம். அதைக் குறைந்த வருமானக் குடும்பங்களின் வீட்டுக்குப் பயன்படுத்த வேண்டும் என்பதில் பலருக்கும் கருத்து ஒன்றுதான். எப்படி என்பதில்தான் பிரச்சினை. ஒப்பிட வசதியாக 80 பேர்ச்சஸ், அதாவது ஏறத்தாழ 2,023 சதுர மீற்றர் காணி ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.

எந்த வழிக்கும் முன்னால் ஒன்றைப் பார்த்தாக வேண்டும். அந்தக் காணி உண்மையில் சபையின் பெயரில் உறுதி (உரிமைப் பத்திரம்) உள்ளதா, இல்லை, அரச காணி ஒன்று ஏதோ ஒரு தேவைக்காகச் சபையிடம் ஒப்படைக்கப்பட்டதா? இரண்டாவது என்றால் விற்பனை பற்றிச் சபை பேசவே முடியாது. 1947 ஆம் ஆண்டின் அரச காணிகள் கட்டளைச் சட்டப்படி பிரதேச செயலகமும் காணி ஆணையாளரும் வந்துவிடுவார்கள். முதலாவது என்றாலும் உறுப்பினர்கள் கையுயர்த்திய உடனே காணி கைமாறாது. மேலிடத்து அனுமதி வேண்டும். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்த பிறகு அந்த மேலிடம் என்பது ஆளுநர்தான். சபைகளும் நிலையாக இருந்ததில்லை. 2018 இல் தெரிவான சபைகள் 2023 மார்ச்சில் கலைந்தன. அடுத்த தேர்தல் 2025 மே 6 ஆம் திகதிதான் வந்தது. இடையில் செயலாளர்களே நிர்வாகம் நடத்தினார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சபைக் கூட்டக் குறிப்பில் மட்டும் எழுதிய வாக்குறுதி, அந்தச் சபை போனால் கூடவே போய்விடும்.

ஏலத்தில் விற்றுக் காசாக்குவது

அரச விலைமதிப்புக்கு மேல் யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்கு. சபைக்குப் பெரிய தொகை ஒரே தடவையில் கிடைக்கும். அதைக்கொண்டு கன்னியாப் பக்கமோ அதற்கும் அப்பாலோ மலிவாகக் காணி வாங்கி அதிக வீடுகள் கட்டலாம் என்பது வாதம். கணக்கில் சரியாகத்தான் தெரியும். ஆனால் சந்தையில் மூட்டை சுமப்பவர், ஆஸ்பத்திரியில் துப்புரவு செய்பவர், புடவைக்கடையில் நிற்கும் பிள்ளை ஆகியோரின் வேலை பட்டணத்துக்குள்தான் இருக்கிறது. வீட்டை வெளியே தள்ளினால் மிச்சப்பட்ட வாடகை பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் போகும். அத்தோடு, விற்ற பணம் சபையின் பொது நிதிக்குள் விழுந்தால் வீதி, வடிகால், சம்பளம் என்று அதற்கு ஆயிரம் வாய். இந்த வழியைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்காக என்று சொல்லிக்கொண்டு இதைச் செய்யக்கூடாது.

நிபந்தனையோடு கட்டடக்காரருக்கு விற்பது

உலகின் பல நகரங்களில் நடப்பது இதுதான். சந்தை விலையை விடக் குறைத்து, சில வேளை பெயரளவு விலைக்கு, காணியைக் கொடுப்பார்கள். பதிலாக, கட்டும் வீடுகள் இன்ன வருமானத்துக்குக் கீழ் உள்ளவர்களுக்கு, இன்ன விலைக்கு என்று எழுதிக்கொள்வார்கள். சபையிடம் பொறியியலாளர்களும் முதலும் இல்லாத இடத்தில் இது நடைமுறைக்கு ஏற்றது. கேள்விப்பத்திரம் கோரும்போதே விலையை ஒரு மதிப்பெண்ணாகவும், எத்தனை வீடு, யாருக்கு, எவ்வளவு காலத்துக்கு என்பதை அதைவிடப் பெரிய மதிப்பெண்ணாகவும் வைத்தால் நல்ல போட்டி வரும்.

ஓட்டை எங்கே? “குறைந்த விலை வீடு” என்பதை யார் வரையறுக்கிறார்கள் என்பதில். எழுதாமல் விட்டால் கட்டடக்காரர் தன் செலவைப் பார்த்து வரையறுப்பார். 2022 இல் சீமெந்துப் பை ஒன்று மூவாயிரம் ரூபாவைத் தாண்டியது. 2023 மார்ச்சில் மத்திய வங்கி வணிக வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் கொள்கை வட்டி வீதம் 16.5 சதவீதம். அப்படியொரு காலம் திரும்ப வந்தால் விலையை உயர்த்த விடுங்கள் என்பார், அல்லது அரைவாசியில் நிறுத்துவார். ஆகவே உறுதியின் உள்ளேயே மூன்று விடயங்கள் இருக்க வேண்டும்: குறித்த காலத்துக்குள் கட்டி முடிக்காவிட்டால் காணி சபைக்கே திரும்பும், கட்டடம் படிப்படியாக உயரும்போதே உரிமையும் படிப்படியாக மாறும், வீட்டு விலை குடும்ப வருமானத்தோடு கட்டப்பட்டிருக்கும். காணிப் பதிவகத்தில் பதியாத நிபந்தனை, அடுத்த சபைக்கும் அடுத்த வாங்குநருக்கும் வெறும் பேச்சு.

துண்டுபோட்டுக் குடும்பங்களுக்கே விற்பது

எங்கள் சனத்துக்கு மனம் ஒப்பும் வழி இதுதான், அதற்குக் காரணமும் உண்டு. 1983 இலிருந்து 2006 வரை எத்தனை முறை மூட்டை கட்டியவர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள்! தன் பெயரில் உறுதி, தன் வளவில் ஒரு கிணறு, வாசலில் ஒரு முருங்கை என்பது அவர்களுக்கு ஆசை மட்டுமில்லை, திரும்பி வர ஒரு சாட்சி.

வீட்டை உரியவரே கட்டுவது வேலை செய்யும் என்பதும் கண்கூடு. இந்திய வீட்டுத் திட்டத்தின் 50,000 வீடுகளில் பெரும்பங்கு வடக்கு கிழக்கில், குடும்பத்துக்கு 5,50,000 ரூபா தவணை தவணையாக வங்கிக் கணக்குக்கே வந்தது. மேசனை அவர்களே பிடித்தார்கள், கல்லை அவர்களே பார்த்து வாங்கினார்கள். அதன் பிறகு அரசு 65,000 உருக்கு வீடுகளை, ஒன்று ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாவுக்குக் கொண்டுவந்து வைக்க முயன்றபோது, வெக்கைக்கும் உப்புக்காற்றுக்கும் இது ஆகாது, இந்தக் காசுக்கு இரண்டு கல்வீடு கட்டலாம் என்று மக்களும் பிரதிநிதிகளும் எதிர்த்தது சரியான எதிர்ப்பு. ஆனால் உரியவரே கட்டும் முறையும் தவணையை நம்பித்தான் நிற்கிறது. 2019 இறுதியில் ஆட்சி மாறியபோது, அரசின் மாதிரிக் கிராம வீட்டுத் திட்டத்தில் தவணை நின்று, கூரை ஏறாத சுவர்களோடும் தலையில் கடனோடும் நின்ற குடும்பங்கள் வடக்கிலும் கிழக்கிலும் ஏராளம்.

இப்போது நமது 80 பேர்ச்சஸுக்கு வருவோம். நகர அபிவிருத்தி விதிகளில் வீட்டுத் துண்டுக்கு வழக்கமான குறைந்தபட்ச அளவு 150 சதுர மீற்றர், ஏறத்தாழ 6 பேர்ச்சஸ். பாதைக்கும் வடிகாலுக்கும் ஐந்தில் ஒரு பங்கு கழித்தால் 64 பேர்ச்சஸ் மிஞ்சும். பத்துக் குடும்பம். அவ்வளவுதான். கரையோர மணலில் ஆறு பேர்ச்சஸுக்குள் ஒரு கிணறும் ஒரு மலசலகூடக் குழியும் வைத்தால், இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். குழாய்த் தண்ணீரை நம்பித்தான் இருக்க வேண்டும். முழு உரிமை தரும் அறுதி உறுதி கொடுத்துவிட்டால் பிறகு அந்தக் குடும்பம் விற்பதை யாரும் தடுக்க முடியாது. தடுக்கவும் கூடாது: மகளின் கலியாணம், ஒரு சத்திரசிகிச்சை, வெளிநாட்டுப் பயணம் என்று ஆயிரம் தேவை வரும். ஆனால் பத்து வருடத்தில் அந்தப் பத்துத் துண்டில் எத்தனை விருந்தினர் விடுதியாக மாறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த தலைமுறையின் குடிநிலமற்ற குடும்பத்துக்குக் கொடுக்கச் சபையிடம் அப்போது காணி இராது.

விற்காமல் நீண்ட குத்தகைக்கு வைப்பது

காணி சபையுடையது, வீடு குடும்பத்துடையது. அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்து பர்லிங்டன் நகரில் 1984 இல் நகர நிர்வாகத்தின் ஆதரவோடு தொடங்கிய காணி அறக்கட்டளை இப்படித்தான் நடக்கிறது. வீட்டை விற்கும் குடும்பம் போட்ட காசையும் கூடிய பெறுமதியில் கால் பங்கையும் எடுத்துக்கொள்ளும். மிச்சப் பெறுமதி வீட்டோடு தங்கி, அடுத்து வருபவருக்கு விலையைக் குறைக்கும். சிங்கப்பூரிலும் அரச வீடுகள் 99 வருடக் குத்தகைதான். ஆனால் அங்கே வழக்கமான வீடுகளை ஐந்து வருடம் குடியிருந்தால் திறந்த சந்தையில் விற்கலாம், அதனால் சில வீடுகள் பத்து இலட்சம் சிங்கப்பூர் டொலரையும் தாண்டிவிட்டன. வீட்டு விலையை அடக்கி வைப்பது குத்தகை என்ற ஏற்பாடு மட்டுமில்லை. திரும்ப விற்கும்போது விலையை நிர்ணயிக்கும் சூத்திரம்தான்.

இதைத் திருகோணமலையில் சொன்னால் முதலில் வரும் கேள்வி எனக்குத் தெரியும்: “கவுன்மேந்துக் காணியா? நாளைக்கு எழும்பச் சொன்னால்?” இதை அறியாமை என்று தள்ளுபவர்கள் இந்த மாவட்டத்தின் காணி வரலாற்றைப் படிக்காதவர்கள். சம்பூர் மக்கள் 2006 இல் இடம்பெயர்ந்த பின் அவர்களின் 818 ஏக்கர் முதலீட்டு வலயமாக்கப்பட்டு, 2015 இல்தான் அது விடுவிக்கப்பட்டது. அரசு உறுதி கொடுக்காமல் அனுமதிப்பத்திரத்தோடு மட்டும் கொடுத்த காணிகளின் கதையும் அப்படித்தான். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் விற்பதையும் பிரிப்பதையும் கட்டிப்போட்டது. உரியவர் இறந்தபின் காணி யாருக்கு என்ற பின்னுரிமையில் மூத்த மகனை முன்னே வைத்தது. பெண்பிள்ளைக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுக்கும் எங்கள் பக்கத்துக்கு இது நேர் எதிர். அந்தப் பாகுபாட்டை நீக்கும் திருத்தம் 2022 இல்தான் வந்தது. அதுவரை சனம் பதிவில்லாமல் வெள்ளைக் கடதாசியில் எழுதிக் கைமாற்றியது. 2024 இல் உறுமய திட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரக் காணிகளை முழு உரிமையாக்க அரசே முன்வந்ததற்கும், விண்ணப்பங்கள் குவிந்ததற்கும் இந்தக் களைப்புத்தான் காரணம்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டும் பட்டணத்துக்குள் நான் குத்தகையின் பக்கம்தான் நிற்கிறேன். ஆனால் அந்தக் குத்தகை அனுமதிப்பத்திரத்தின் மறுபதிப்பாக இருக்கக்கூடாது. 99 வருடம், நொத்தாரிசு முன் எழுதிப் பதிவகத்தில் பதிந்தது. மகளுக்கோ மகனுக்கோ நன்கொடையாக எழுதும் உரிமை எவரிடமும் அனுமதி கேட்காமல். வீட்டுக் கடனுக்கு வங்கியில் ஈடு வைக்கும் உரிமை. நீதிமன்றக் கட்டளை இல்லாமல் எவரும் எழுப்ப முடியாது. விற்பனைக்குத் தடை வேண்டாம், தடை போட்டால் வெள்ளைக் கடதாசி திரும்பி வரும். சூத்திர விலைக்கு, சபையின் காத்திருப்போர் பட்டியலில் உள்ளவருக்கு விற்கலாம் என்று இருக்கட்டும். வருடக் குத்தகை ஆதனவரியைப் போலச் சிறு தொகையாக இருந்தால் போதும்.

இதே காணியில் நிலத்தளமும் மேல் மூன்று மாடியும் கொண்ட கட்டடம் என்றால் கணக்கு மாறுகிறது. மூன்றில் ஒரு பங்கு நிலத்தில் மட்டும் கட்டி, படிக்கட்டுக்கும் நடைக்கும் கழித்து, 600 சதுர அடி வீடாகப் போட்டால் தளத்துக்குப் பத்து, மொத்தம் ஏறத்தாழ நாற்பது குடும்பம். அதற்கு மேல் உயர்த்தவே வேண்டாம். 2010 க்குப் பின் கொழும்பில் எழுந்த உயர்மாடிகளில், 400 சதுர அடி வீடுகளுக்குள் தள்ளப்பட்ட குடும்பங்கள் லிஃப்டோடும் பராமரிப்புக் கட்டணத்தோடும் பட்ட பாடு நமக்கு வேண்டாம். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மாதச் செலவு தண்ணீர்ப் பம்பும் மாடிப்படி விளக்கும்தான். அதற்கும் முதல் நாளிலிருந்தே குடியிருப்பாளர் சங்கமும் ஒரு பராமரிப்பு நிதியும் வேண்டும்.

பட்டணத்துக்கு வெளியே, சபைக்குப் பரந்த காணி இருக்கும் இடத்தில், துண்டுபோட்டுக் கொடுப்பதே மேல். அங்கே மாடி கட்டுவது வீண். குத்தகைக்குச் சபை இணங்காவிட்டால் கட்டடக்காரருக்கு நிபந்தனையோடு கொடுப்பது இரண்டாம் தெரிவு.

எந்தத் தெரிவானாலும் பெயர்ப் பட்டியல் சரியாக அமைய வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழும் ஊரில், நாற்பது வீடுகளுக்கு நானூறு பேர் விண்ணப்பித்தால் சந்தேகம் வராமல் இராது. புள்ளி வழங்கும் முறையை விண்ணப்பம் கோரும் முன்பே வெளியிட வேண்டும்: பட்டணத்துக்குள் எத்தனை வருடம் வாடகையில் இருந்தார்கள், எத்தனை முறை இடம்பெயர்ந்தார்கள், பெண் தலைமை தாங்கும் குடும்பமா, வீட்டில் மாற்றுத்திறனாளி உண்டா. பெற்ற புள்ளிகளோடு பட்டியலைத் தமிழிலும் சிங்களத்திலும் சபை வாசலிலும் பிரதேச செயலகத்திலும் ஒட்டி, ஆட்சேபனைக்கு ஒரு மாதம் கொடுக்க வேண்டும். நிலத்தளத்து வீடுகளைக் குலுக்கலில் போடக்கூடாது. படியேற முடியாத முதியவர்களுக்கும், வலையும் எஞ்சினும் வைக்க இடம் தேவைப்படும் கடற்றொழிலாளருக்கும் அவற்றை முதலிலேயே ஒதுக்க வேண்டும்.