ஐந்து ரோட்டில் ஒரு வேலை ஆலோசனை மையம்: 1,500 ரூபாய்க்குக் கிடைத்த தெளிவு

சேலம் சூரமங்கலம் பக்கம் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் தரச்சோதனைப் பிரிவில் 11 ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறேன். பாலிடெக்னிக் முடித்து வேலைக்குச் சேர்ந்தவன். வேலையில் இருந்துகொண்டே பகுதி நேரமாகப் படித்து பி.இ. மெக்கானிக்கல் முடித்தேன். குவைத்தில் ஒரு வேலைக்கு அழைப்பு வந்தபோது, என் பட்டம் அங்கே செல்லுமா, இத்தனை ஆண்டு அனுபவம் போதுமா என்ற குழப்பத்தோடு ஐந்து ரோட்டில் உள்ள ஒரு வேலை ஆலோசனை மையத்துக்குப் போனேன். ஒரு மணி நேரத்துக்கு 1,500 ரூபாய் வாங்கினார்கள்.

என்னிடம் பேசியவர், தொழிற்சாலைகளின் மனிதவளப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற ஓர் அம்மையார். சான்றிதழ்களை மேசைமேல் பரப்பியதும், "எந்த வேலைக்குப் போகப் போகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள் தம்பி, பட்டத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்" என்றார். அரசு வேலை, வெளிநாட்டு வேலை, உள்ளூர்த் தனியார் வேலை என ஒவ்வொன்றிலும் பட்டத்தையும் அனுபவத்தையும் நிறுக்கும் தராசு வேறு என்பதை, அடுத்த ஒரு மணி நேரம் அவசரமில்லாமல் விளக்கினார்.

அரசு வேலையைச் சுருக்கமாக முடித்துவிட்டார். அங்கே கல்வித் தகுதிதான் முதல் சல்லடை. அதில் நிற்காதவரின் அனுபவத்தை யாரும் எடுத்துப் பார்ப்பதே இல்லை. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் தொலைநிலை வழியாகப் பொறியியல் படித்தவர்களின் நிலையை எடுத்துக்காட்டாகச் சொன்னார். 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்களை உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் நிறுத்திவைத்து, தேர்வு எழுதித் தேறினால்தான் செல்லும் என்றது. அதன் பின் சேர்ந்தவர்களின் பட்டங்களை அடியோடு ரத்து செய்தது. அந்தப் பட்டத்தைக் காட்டிப் பதவி உயர்வு பெற்று ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவர்களும் இதில் சிக்கினார்கள்.

வெளிநாட்டு வேலையைப் பற்றி அவர் சொன்னவை எனக்குப் பெரும் பயனாக இருந்தன. குவைத்தில் பொறியாளர் என்ற பணிப்பெயரோடு இருக்க வேண்டுமானால் அங்குள்ள பொறியாளர் சங்கத்தின் தடையில்லாச் சான்று வேண்டும் என்ற விதி 2018-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியப் பட்டமாக இருந்தால் தேசிய அங்கீகார வாரியத்தின், அதாவது என்.பி.ஏ.வின் அங்கீகாரம் அந்தப் படிப்புக்கு இருந்ததா என்று பார்க்கிறார்கள். அந்த வாரியமே 1994-இல்தான் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பு படித்து, அங்கே பல ஆண்டுகள் பொறியாளராகவே உழைத்தவர்களிடமும் அதே முத்திரையைக் கேட்பது எந்த வகை நியாயம் என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

ஏ.ஐ.சி.டி.இ. எனும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதல் என்பது படிப்பை நடத்துவதற்கான அனுமதி, நாக் எனும் தேசிய மதிப்பீட்டு, தரச்சான்று அமைப்பின் தரச்சான்று கல்லூரி முழுமைக்கும் உரியது, என்.பி.ஏ. அங்கீகாரமோ ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாக, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் தரப்படுவது. ஆகவே ஒரே கல்லூரியில் மெக்கானிக்கலுக்கு இருந்து சிவிலுக்கு இல்லாமல் போகலாம். இந்த மூன்றையும் ஒன்றெனவே நான் இதுநாள்வரை நினைத்திருந்தேன். அவர் அங்கேயே வாரியத்தின் இணையதளத்தைத் திறந்து, நான் படித்த ஆண்டுகளில் என் பிரிவுக்கு அங்கீகாரம் இல்லை என்பதைக் காட்டினார். மனம் கனத்தது, ஆனாலும், முகவரிடம் முன்பணம் கட்டிய பிறகு இது தெரிய வந்திருந்தால் என்னவாகியிருக்கும்?

தனியார் நிறுவனங்களில் என் அனுபவத்துக்கு நல்ல மதிப்பு உண்டு என்றார். ஆனால் அந்த அனுபவத்தைத் தாளில் காட்ட முடிய வேண்டும். பெரிய நிறுவனங்கள் வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் சேர்ந்த தேதியையும் விலகிய தேதியையும் பார்த்துத்தான் அனுபவத்தைச் சரிபார்க்கின்றன. நம் ஊர்ப் பட்டறைகளில் பி.எஃப். பிடிக்காமல் கையில் கூலி வாங்கிய ஆண்டுகள் அவர்கள் கணக்கில் வருவதில்லை. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் இருபது ஆண்டு கொலுசு செய்த கைக்கும் இதே கதிதான் என்று அவர் சொன்னபோது குரலில் வருத்தம் தெரிந்தது. என் நியமனக் கடிதத்தில் 'உதவியாளர்' என்றே இருந்ததைக் கண்டு, இப்போது செய்யும் பொறுப்புகளைப் பட்டியலிட்டு, சரியான பதவிப் பெயரோடு முதலாளியிடம் கடிதம் வாங்கச் சொன்னார். என்னென்ன எழுத வேண்டும் என்பதையும் வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தார்.

குறைகளும் உண்டு. வரவேற்பில் இருந்த இளைஞர், கல்லூரிக்கு நாக் 'ஏ' தரம் இருந்தால் குவைத்துக்குப் போதும் என்று முதலில் தவறாகச் சொல்லிவிட்டார். அவரிடம் மட்டும் கேட்டுத் திரும்பியிருந்தால் ஏமாந்திருப்பேன். முன்பதிவு செய்தும் 50 நிமிடம் காத்திருந்தேன். கடைசியில் தந்த அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது, ஐ.டி.ஐ. முடித்து வருபவர்களுக்காகவாவது தமிழில் தர வேண்டும்.

பட்டம் வாங்கித் தருகிறோம் என்றோ, வேலை உறுதி என்றோ அவர்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. குவைத் அழைப்பை மறுத்துவிட்டேன். முதலாளியிடம் கேட்ட கடிதம் சென்ற வாரம் 'தரச்சோதனைப் பொறியாளர்' என்ற பெயரோடு கைக்கு வந்தது. போகிறவர்கள் அந்த அம்மையாரையே கேட்டு நேரம் வாங்குங்கள்; எல்லாப் பருவத்து மதிப்பெண் பட்டியல்களையும் பி.எஃப். பாஸ்புக் அச்சுப்படியையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.