கல்லீரல் தழும்பை அறிய ஊசியா, ஃபைப்ரோஸ்கேனா?

மண்டபத்திலிருந்தோ தொண்டியிலிருந்தோ விடியற்காலையில் பேருந்தேறி மதுரைக்குப் போகும் கல்லீரல் நோயாளிக்கு ஃபைப்ரோஸ்கேன் எளிய வழி. மூன்று மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்தால் (வழியில் பால் தேநீரும் கூடாது), விலா எலும்புகளுக்கிடையே வைக்கும் கருவி அனுப்பும் அதிர்வலையின் வேகத்தைக் கொண்டு கல்லீரலின் இறுக்கம் கிலோபாஸ்கல் அளவில் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அன்றே ஊர் திரும்பலாம். ஆனால் அந்த எண்ணைத் தழும்பு மட்டும் உயர்த்துவதில்லை; கடும் அழற்சி, பித்த அடைப்பு, இதயக் கோளாறால் தேங்கும் இரத்தம் ஆகியவையும் உயர்த்தும்.

பயாப்ஸியில் ஊசி எடுக்கும் துணுக்கு கல்லீரலில் ஏறத்தாழ 50,000-இல் ஒரு பங்குதான். இரத்தக்கசிவு அபாயம் உண்டு. சில மணி நேரம் படுத்திருக்கவும் வேண்டும். ஆயினும் நோய் எதிர்ப்புச் செல்களை நேரில் காட்டுவது அதுவே. இரத்தக்குழாய்களும் பித்தநாளமும் சேர்ந்தோடும் போர்ட்டல் பகுதியில் லிம்போசைட்டுகளோடு பிளாஸ்மா செல்களும் மிகுந்து, அவை அருகிலுள்ள கல்லீரல் செல்களை அரித்துச் செல்வதாகத் தெரிந்தால், மருத்துவர் தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சியை (உடலின் எதிர்ப்பாற்றலே கல்லீரலைத் தாக்கும் நோய்) ஐயுறுவார். அதற்குச் சிகிச்சையே வேறு. புற்றுநோயில் நிலை சற்று மாறும்: சிரோசிஸ் (தழும்பு முற்றிய நிலை) உள்ளவரின் கட்டியைப் பல வேளைகளில் சி.டி. படமே உறுதிசெய்துவிடும். தழும்பை ஆண்டுதோறும் கண்காணிக்க ஃபைப்ரோஸ்கேனையும், காரணம் பிடிபடாதபோது ஊசியையுமே நான் தேர்வேன்.