பிஸ்டன் கரிக்கு எது மருந்து: சல்ஃபோனேட்டா, ஃபீனேட்டா, சாலிசிலேட்டா?

எஞ்சின் ஆயில் டேட்டா ஷீட்டில் டிபிஎன் (மொத்தக் கார எண்) 10 என்று பார்த்ததும், பிஸ்டன் சுத்தமாக இருக்கும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அமிலத்தை முறிக்கும் கார இருப்பு எவ்வளவு என்பதை மட்டுமே அந்த எண் சொல்லும். ரிங் காடியில் (பிஸ்டன் வளையம் அமரும் பள்ளத்தில்) ஒட்டவரும் பிசினைப் பிடித்து எண்ணெயில் மிதக்க வைப்பது டிடர்ஜென்ட் என்ற சுத்தம் செய்யும் சேர்க்கையின் சோப்பு மூலக்கூறு; சல்ஃபோனேட், ஃபீனேட், சாலிசிலேட் மூன்றும் அதன் வகைகள். கார இருப்பு என்பது அந்தச் சோப்பு சூழ்ந்து சுமக்கும் கால்சியம் கார்பனேட் நுண்துகள்தான்.

கணக்குப் போட்டால் வித்தியாசம் புரியும். 400 டிபிஎன் சல்ஃபோனேட்டை 2.5 சதவீதம் கலந்தாலே ஆயிலுக்கு 10 வந்துவிடும். 170 டிபிஎன் சாலிசிலேட்டில் அதே 10-ஐ எட்ட 5.9 சதவீதம் வேண்டும். இரண்டிலும் சல்ஃபேட்டட் சாம்பல் (ஆயில் எரிந்தபின் மிஞ்சும் உலோகச் சாம்பல்) ஏறக்குறைய 1.2 சதவீதம்தான், ஆனால் சோப்பு சாலிசிலேட்டில் வெகு அதிகம்.

சல்ஃபோனேட் விலை குறைவு, துருவையும் நன்றாகத் தடுக்கும். ஆனால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்காது. ஃபீனேட்டில் உள்ள கந்தகப் பாலங்கள் பெராக்சைடுகளைச் சிதைப்பதால் சூடான காடியில் பிசின் உருவாவதே குறையும். அதனால்தான் டீசல் ஆயில்களில் இரண்டையும் சேர்த்தே கலக்கிறார்கள். சுத்தம் செய்வது, ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பது ஆகிய இரு வேலைகளையும் சாலிசிலேட் தானே செய்யும், வெப்பமும் தாங்கும். அதிக வெப்பத்தில் ஓடும் எஞ்சினுக்கு, விலை கூடினாலும், நான் அதையே தேர்ந்தெடுப்பேன்.

டர்போ நேரடி ஊசி பெட்ரோல் எஞ்சினில் நிலைமை வேறு. கால்சியம் அதிகமானால் குறைந்த வேகத்தில் முன்கூட்டியே தீப்பற்றும் கோளாறு கூடும், பிஸ்டனே உடையலாம். ஆகவே கால்சியத்தில் ஒரு பங்கை மெக்னீசியத்துக்கு மாற்றுகிறார்கள். டீசல் புகை வடிகட்டி இருந்தால் சாம்பல் அதை அடைக்கும் என்பதால், ஏசியா சி3 என்ற ஐரோப்பிய ஆயில் தரத்தில் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அங்கே சாம்பலே தராத சக்சினிமைடு டிஸ்பர்சன்ட் (அழுக்கைச் சிதறடிக்கும் சேர்க்கை) கூடுதல் சுமையை ஏற்கிறது. ஆனால் அதன் பலம் புகைக்கரியையும் குளிர்ச்சேற்றையும் சிதறடிப்பதில்தான், முதல் ரிங் காடியின் சூட்டில் டிடர்ஜென்ட்டுக்கு அது ஈடாகாது.

சோப்பின் பெயர் டேட்டா ஷீட்டில் பெரும்பாலும் வராது. சோதனைத் தரத்தைப் பாருங்கள்: சீக்வென்ஸ் 3ஹெச் சோதனையில் ஆயிலை 151 டிகிரி செல்சியஸில் 90 மணி நேரம் ஓட்டி, பிஸ்டன் சுத்தத்துக்குப் பத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். ஏபிஐ எஸ்பி என்ற அமெரிக்க ஆயில் தரத்தைப் பெறக் குறைந்தது 4.2 வேண்டும்.

ரிங் ஏற்கெனவே இறுகியிருந்தால் கடுமையான ஃப்ளஷ் (எஞ்சினை உள்ளே கழுவும் திரவம்) ஊற்றாதீர்கள். பெயர்ந்த கரி ஆயில் பம்ப் சல்லடையை அடைத்து பேரிங்கைக் காயவிடும். நல்ல ஆயிலை ஊற்றி, மாற்றும் இடைவெளியைப் பாதியாக்கி, ஒவ்வொரு முறையும் ஃபில்டரையும் மாற்றுங்கள்.