14,212 மைல் காட்டிய ராணுவ லாரி: ஆறு வருட அனுபவம்

ஆறு வருடத்துக்கு முன் என் எம்35ஏ2 லாரியை வாங்கியபோது அதன் ஓடோமீட்டர் 14,212 மைல் காட்டியது. இன்று 23,600-ஐத் தாண்டிவிட்டது. நடுவில் நான் ஓட்டிய ஒன்பதாயிரத்துச் சொச்சம் மைல்தான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த கணக்கு. அதற்கு முந்தைய 14,212 என்ன சொல்கிறது என்று புரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. பழைய ராணுவ லாரி வாங்கப் போகிற எல்லோரும் முதலில் எட்டிப் பார்ப்பது அந்த எண்ணைத்தான் என்பதால், இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். (டீசலுக்கு எவ்வளவு கொடுக்கும் என்ற கேள்வியையும் இங்கேயே முடித்துவிடுகிறேன்: எனக்குச் சராசரியாக அமெரிக்க கேலனுக்கு 9 மைல்.)

தெரியாதவர்களுக்காக: எம்35 என்பது அமெரிக்க ராணுவத்தின் இரண்டரை டன் லாரி. ஆறு சக்கரமும் இழுக்கும். ரியோ நிறுவனம் 1950 வாக்கில் தொடங்கி வைத்த குடும்பம் இது. என்னுடைய ஏ2 வகையில் இருப்பது டர்போ வைத்த எல்.டி.டி.465 மல்டிஃபியூயல் (பல வகை எரிபொருளில் ஓடும்) எஞ்சின்: ஆறு சிலிண்டர், 7.8 லிட்டர். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்த 24 வோல்ட் மின்சாரம். பின்பக்கம் இரட்டை டயர்கள், ஆக மொத்தம் பத்து டயர். என் வண்டியின் தகடு 1971 என்கிறது.

வாங்கும் நாளில் நான் போட்ட கணக்கு எளிமையானது. பல பத்தாண்டு பழைய லாரி, பதினான்காயிரம் மைல்தான் ஓடியிருக்கிறது, அப்படியானால் எஞ்சின் இன்னும் இளமையாக இருக்கும். கார் வாங்கிப் பழகிய மனம் அப்படித்தான் யோசிக்கும். ராணுவ லாரி விஷயத்தில் இது இரண்டு விதத்தில் தவறு. அந்த மீட்டர் வண்டியோடு பிறந்ததாக இருக்க வேண்டியதில்லை. பிறந்ததாகவே இருந்தாலும், மைல்தான் வண்டியைத் தேய்க்கிறது என்பதில்லை.

இரண்டாம் வருடம் ஸ்பீடோமீட்டர் முள் துள்ள ஆரம்பித்தது. கேபிளைக் கழற்றி மீட்டரை வெளியே எடுத்துத் திருப்பினால், பின்புறத்தில் ஒப்பந்த எண் அச்சிட்டிருந்தது. அமெரிக்க ராணுவத்துக்குச் செய்த பாகங்களில் இப்படி ஒரு நீண்ட எண் இருக்கும். அதன் நடுவே வரும் இரண்டு இலக்கம் ஒப்பந்தம் போட்ட நிதியாண்டு. என் மீட்டரில் அது 83. 1971-இல் பிறந்த வண்டியில் 83-ஆம் ஆண்டு ஒப்பந்தத்து மீட்டர்! யாரும் ஏமாற்றவில்லை. மீட்டர் கெட்டுப்போயிருக்கும், கிடங்கிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து மாட்டியிருப்பார்கள். அது பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கும். ராணுவப் பணிமனையில் இதெல்லாம் அன்றாட வேலை, பல்பு மாற்றுவது போல. சில நேரம் உடைத்த வண்டியிலிருந்து எடுத்த மீட்டரை மாட்டுவார்கள். அப்போது வேறொரு வண்டி ஓடிய தூரத்தை இந்த வண்டி சுமக்கும். ஆகவே குறைந்த எண் என்பது சந்தேகத்துக்குரியது என்றால், பெரிய எண்ணும் அதே அளவுக்குச் சந்தேகத்துக்குரியதுதான்.

அன்றைக்கே எஞ்சின் சுற்று வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டரையும் கழற்றிப் பார்த்தேன். அதிலும் 83. டாஷ்போர்டில் ராணுவப் பணிமனை அடித்து வைத்த மறுசீரமைப்புத் தகடு 1984 என்று சொல்கிறது. வாங்கும்போதே அந்தத் தகட்டைப் பார்த்தேன், ஆனால் அதை ஒரு அலங்காரமாகத்தான் எடுத்துக்கொண்டேன். மூன்றும் ஒத்துப்போன பிறகுதான் கதை தெளிவானது: 1984-இல் வண்டியை முழுசாகப் பிரித்துக் கட்டியிருக்கிறார்கள், அப்போது இரண்டு மீட்டரும் புதிதாக ஏறியிருக்கின்றன, அதற்குப் பின் ஓடியதுதான் 14,212. அதற்கு முந்தைய பதின்மூன்று வருடத்தில் எவ்வளவு ஓடியது என்பதற்கு வண்டியில் எந்தச் சாட்சியும் இல்லை. ஒரு மீட்டரை நம்பாதீர்கள். மீட்டர், தகடு, தேய்மானம் மூன்றும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

என் டாக்கோமீட்டரில் மணிக் கணக்கும் உண்டு. வாங்கும்போது 1,190 மணி. 14,212-ஐ அதால் வகுத்தால் மணிக்குப் பன்னிரண்டு மைல் வருகிறது. சாலையில் சாதாரணமாக 45, 50 மைல் வேகத்தில் போகிற லாரிக்கு இது மிகக் குறைந்த சராசரி. நின்ற இடத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது, இல்லையென்றால் அணிவகுப்பில் ஊர்ந்திருக்கிறது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: கேபிளில் ஓடும் மெக்கானிக்கல் டாக்கோமீட்டர் நேரத்தை எண்ணுவதில்லை, எஞ்சின் சுற்றுகளை எண்ணுகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுற்றினால்தான் அதன் ஒரு மணி நிஜமான ஒரு மணி. ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது, அது பின்தங்கும். அதாவது எஞ்சின் உண்மையில் ஓடிய நேரம் 1,190-ஐ விட நிறையவே கூட.

காகிதத்தை நம்பலாமா? அமெரிக்க அரசு உபரி வண்டியை விற்கும்போது எஸ்.எஃப்.97 என்ற படிவம் தருகிறது. அதில் மைல் எழுதியிருந்தாலும் அதை உறுதிமொழியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 16,000 பவுண்டுக்கு மேல் மொத்த எடை மதிப்பு உள்ள வண்டிகளுக்கு அந்நாட்டின் ஓடோமீட்டர் அறிவிப்பு விதியிலேயே விலக்கு உண்டு, இந்த லாரி அந்த எடைக்கு மேல்தான். டி.டி.314 என்ற பராமரிப்பு அட்டை வண்டியோடு வந்தால் அதைப் பொக்கிஷமாக வைத்துக்கொள்ளுங்கள். என் வண்டியோடு வரவில்லை.

தேய்மானத்துக்கு வருகிறேன். சீட் கேன்வாஸ், பெயின்ட், ஸ்டீயரிங் வீல், மிதியின் ரப்பர் ஆகியவற்றைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இவை எளிதாக மாறும். யாரும் மாற்ற மெனக்கெடாத பாகங்களைப் பாருங்கள். கிளட்ச் மிதியைப் பக்கவாட்டில் ஆட்டினால் அதன் புஷ் (அச்சைத் தாங்கும் வளையம்) எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரியும். பிரேக் டிரம்மின் உள்விளிம்பில் நகத்தை வைத்தால் படி தட்டுப்படும், அந்தப் படியின் உயரம்தான் லைனிங் தின்ற இரும்பு. ஸ்பிரிங் பட்டைகளின் முனையைப் பிடிக்கும் ஷாக்கிள் பின், கதவுக் கீல் எல்லாம் இதே வகை. எனக்கு மிகவும் பிடித்த சாட்சி பின்னால் இருக்கும் பின்டில் கொக்கி. டிரெய்லர் இழுத்த வண்டியில் அதன் உள்வளைவு பளபளத்துக் குழிந்திருக்கும். என் வண்டியில் அங்கே பழைய பச்சை பெயின்ட் அப்படியே இருந்தது. இந்த லாரி கனமாக எதையும் இழுத்துத் திரியவில்லை என்று ஓடோமீட்டரை விட உறுதியாக எனக்குச் சொன்னது அந்தக் கொக்கிதான்.

மாலை வெயில் சாய்வாக விழும்போது முன் பம்பரைப் பாருங்கள். மேலே எத்தனை பூச்சு இருந்தாலும் பழைய படைப்பிரிவு எழுத்துகளின் விளிம்பு தெரியும். ரிசர்வ் அல்லது தேசியக் காவல் படைப் பிரிவு என்றால் வண்டி குறைவாக ஓடி நிறைய நின்றிருக்கும். ஆனால் ஆர்வத்தில் பெயின்டைச் சுரண்டவோ தேய்க்கவோ வேண்டாம். பழைய ராணுவப் பூச்சுகளில் குரோமியம் கலந்திருக்கும், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

இனி, எனக்கு வயிற்றைக் கலக்கிய விஷயம். வாங்கிய இரண்டாம் மாதம், முற்றத்தில் நடை வேகத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். பிரேக் மிதி தரை வரை போய்விட்டது. கைப்பிரேக்கை இழுத்து நிறுத்தினேன். அது டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் ஆக்ஸில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் கியர் பெட்டி) பின்னால் தனி டிரம்மில் பிடிக்கிறது, அதனால் தப்பித்தேன். பின் சக்கரம் ஒன்றில் வீல் சிலிண்டர் (எண்ணெய் அழுத்தத்தால் பிரேக்கைத் தள்ளும் பாகம்) விட்டுப்போயிருந்தது. எம்35ஏ2-இன் பிரேக்கில் காற்று உதவிக்குத்தான், சக்கரத்துக்குப் போவது எண்ணெய் அழுத்தம், அதுவும் ஒரே சுற்று. ஆறு சிலிண்டரில் எது ஒழுகினாலும் ஆறு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். வாங்கும் நாளில் நான் மிதியை நாலு முறை அழுத்திப் பார்த்து, கெட்டியாக இருக்கிறது என்று திருப்திப்பட்டேன். அது போதாது, போதவே போதாது. வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை மெல்ல விலக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் கதை முடிந்தது. அதற்கு டிரம்மைக் கழற்ற வேண்டும், வியர்வை சிந்தும் வேலைதான். ஒரு பின் சக்கரத்தையாவது கழற்ற விற்பவர் சம்மதிக்கவில்லையென்றால், ஆறையும் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். (இடப்பக்கச் சக்கர நட்டுகளுக்கு எதிர்மரை. இது தெரியாமல் போல்ட்டை முறித்தவர்கள் நிறைய.)

சிலிண்டரைப் பிரித்தபோது ரப்பர் தேய்ந்திருக்கவில்லை. அடியில் தேங்கிய தண்ணீர் உள்சுவரைத் துருப்பிடிக்க வைத்திருந்தது. ராணுவம் ஊற்றியது சிலிகான் பிரேக் எண்ணெய், அது தண்ணீரோடு கலக்காது. உள்ளே புகுந்த ஈரம் தாழ்வான இடத்தில் துளியாகத் தங்கி, வண்டி நின்ற வருடமெல்லாம் அங்கேயே அரித்துக்கொண்டிருந்திருக்கிறது. இந்த ஆறு வருடத்தில் எனக்குப் போனவற்றின் பட்டியல் முழுக்க இதே கதைதான்: வீல் சிலிண்டர்கள், மாஸ்டர் சிலிண்டர், டீசல் ஹோஸ்கள், காற்றுக் குழாய் இணைப்புகள், வீல் ஆயில் சீல் இரண்டு, பத்து டயர். டயர்களில் டிரெட் முழுசாக இருந்தது, பக்கச் சுவரெல்லாம் வெடிப்பு. தேதிக் குறியீடு மூன்று இலக்கத்தில் முடிந்தது, அதாவது 2000-க்கு முந்தைய தயாரிப்பு. ஓடியதால் தேய்ந்து போனது என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. எல்லாம் நின்றதால் போனவை.

எஞ்சின் விஷயத்தில் நான் இரண்டு முறை தப்பாகக் கணித்தேன். புகைக்குழாய் இணைப்பில் கறுப்பாக எண்ணெய் வழிந்திருந்ததைப் பார்த்து, பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று பயந்து விலையைக் குறைத்தேன். அது நீண்ட நேரம் ஐடிலில் ஓடியதால் எரியாமல் தங்கிய கழிவு. பாரம் ஏற்றி இருநூறு மைல் ஓட்டியதும் நின்றுவிட்டது. மாறாக, டிப்ஸ்டிக்கில் எண்ணெய் தேன் நிறத்தில் இருந்ததைப் பார்த்து மகிழ்ந்தேன். புது எண்ணெய் எதையும் காட்டிக்கொடுக்காது. அதை ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தாலும் பயனில்லை. ஆயிரம் மைல் ஓட்டிய பிறகு அனுப்பிய மாதிரிதான் உண்மை பேசியது. ஈயமும் செம்பும் உயர்ந்தால் பேரிங், சிலிக்கான் உயர்ந்தால் தூசி, சோடியம் உயர்ந்தால் கூலன்ட் உள்ளே வருகிறது என்று சந்தேகிக்கலாம். என் மாதிரியில் எதுவும் மிரட்டவில்லை. புது எண்ணெய் போட்ட வண்டியென்றால், கழற்றிய பழைய ஃபில்டரைக் கேட்டு வாங்கி, காகித மடிப்பை வெட்டி விரித்து, வெளிச்சத்தில் மினுக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

குளிர்ந்த எஞ்சினைத்தான் கிளப்பிப் பார்க்க வேண்டும் என்பதை எல்லோரும் சொல்வார்கள். அதோடு, சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாகப் போய் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். கிளம்பியதும் ரேடியேட்டரில் குமிழ் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் என்று சந்தேகப்படுங்கள். பிரேக்குக்கு உதவும் காற்று முழுதாக ஏறியதும் எஞ்சினை நிறுத்தி, காற்றழுத்த மீட்டரின் முள் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள்.

நான் பார்க்காமல் விட்டது பின் ஆக்ஸில். முன் ஆக்ஸிலின் கியர் ஆயிலை மட்டும் விரல் விட்டுப் பார்த்தேன், நன்றாக இருந்தது, மூன்றும் அப்படியே என்று எடுத்துக்கொண்டேன். முதல் சர்வீஸில் கடைசி ஆக்ஸிலைத் திறந்தால் பால் விட்ட காபி நிறத்தில் கொட்டியது. தண்ணீர். பேரிங்குகளில் புள்ளி புள்ளியாகக் குழி. அந்த ஒரு வேலை எனக்கு ஒரு கோடைக்காலத்தைத் தின்றது.

அடுத்த மாதம் இதே குடும்பத்தில் ஒரு எம்109ஏ3 பணிமனை வேனைப் பார்க்கப் போகிறேன். ஓடோமீட்டர் ஆறாயிரம் காட்டுகிறது என்று சொன்னார்கள். வேன் என்றால் முகாமில் நின்றே காலம் கழித்திருக்கும் என்பதால் அந்த எண் எனக்கு எந்த ஆசையையும் மூட்டவில்லை. நாற்பதாயிரம் காட்டி மாதம் தவறாமல் ஓடிய ஒன்று கிடைத்தால் அதைத்தான் முதலில் பார்ப்பேன். டார்ச், ரப்பர் உறையை விலக்க ஒரு வளைந்த ஊசி, மீட்டரின் முதுகைப் படிக்க ஒரு கைக்கண்ணாடி, மூன்று ஆக்ஸிலுக்கும் தனித்தனியாக மூன்று சிறிய கண்ணாடிப் பாட்டில்கள்: பை தயாராக இருக்கிறது.