குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான அரச நிதியுதவி: திருகோணமலையிலிருந்து ஒரு மதிப்பீடு

குற்றம் செய்தவருக்குத் தண்டனை கிடைப்பது ஒரு விடயம்; அடிபட்டவருடைய மருந்துச் செலவையும் இழந்த உழைப்பையும் யார் பொறுப்பேற்பது என்பது வேறொரு விடயம். இந்த இரண்டாவது கேள்விக்கு இலங்கைச் சட்டம் பதில் வைத்திருக்கிறது. ஆயினும் அந்தப் பதில் எங்கள் மாவட்டத்து மக்களின் காதுக்கு எட்டவில்லை என்பதை, எனது சின்னம்மாவுக்காக அலைந்தபோது நேரில் கண்டேன். அதனாலேயே, பாதிக்கப்பட்டோருக்கு அரசு நிதியுதவி வழங்கும் இந்தச் சேவையை, அதன் நன்மையையும் குறையையும் மறைக்காமல், எழுதுகிறேன்.

சின்னம்மா உப்புவெளியில் தையல் தொழில் செய்பவர். மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியபோது விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்தது. சங்கிலி போனதைவிட, கத்தரிக்கோல் பிடிக்க முடியாமற் போனதே அவருக்குப் பெரிய இழப்பு. முறைப்பாடு செய்யச் சென்ற இடத்தில் நிதியுதவி பற்றிக் கேட்டபோது, "அப்படி ஒரு காசு இல்லை அம்மா, வழக்கு முடிஞ்சா கோடு பார்க்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த நிலையத்தின் பெயரைச் சொல்வதில் பயனில்லை. சொன்னவர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்திருக்கவில்லை என்றுதான் நம்புகிறேன்.

உண்மையில் வழிகள் பல உள்ளன. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, குற்றவாளி பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு செலுத்த வேண்டுமென நீதிமன்றம் கட்டளையிடலாம். பாலியல் வல்லுறவு வழக்குகளில் நட்டஈடு வழங்குவதை 1995 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் தண்டனையின் ஒரு பகுதியாகவே ஆக்கியது. வீட்டு வன்முறை என்றால், 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், பராமரிக்கும் கடமையுள்ளவரிடமிருந்து அவசரப் பண உதவியைப் பெற்றுத் தருமாறு நீதவானிடம் கோரலாம். ஆனால் நட்டஈட்டுக் கட்டளை என்பது, குற்றவாளி அகப்பட்டு, குற்றம் நிரூபிக்கப்பட்டு, அவரிடம் பணமும் இருந்தால்தான் கைக்கு வரும். 2006 ஜனவரி 2 ஆம் திகதி எங்கள் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட வழக்கில், சந்தேகநபர்கள் 13 பேரும் போதிய சாட்சியம் இல்லையென 2019 இல் விடுவிக்கப்பட்டதைத் திருகோணமலையில் யாரும் மறந்துவிடவில்லை. குற்றவாளியென எவரும் காணப்படாத இடத்தில் நீதிமன்றம் யாரை நட்டஈடு கட்டச் சொல்லும்?

இந்த இடைவெளியில் கைகொடுக்க வேண்டியதுதான், 2015 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவாக்கப்பட்ட, குற்றத்தால் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாப்பதற்கான தேசிய அதிகாரசபையும் அதன் நிதியமும். அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. இதன் சிறப்பு, 'பாதிக்கப்பட்டவர்' யார் என்பதை விரிவாக எடுத்துக்கொள்வதில் உள்ளது. உடற்காயம் மட்டுமன்றி மனப்பாதிப்பும் பொருளிழப்பும் கணக்கில் வருகின்றன. இறந்தவரின் குடும்பத்தார் வருகிறார்கள். குற்றத்தைத் தடுக்கவோ உதவவோ போய்க் காயப்பட்ட அயலவரும் வருகிறார். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1985 இல் நிறைவேற்றிய பிரகடனம், குற்றவாளியிடமிருந்து முழு இழப்பீடு கிடைக்காதபோது அரசு உதவ முயல வேண்டும் என்று கூறியதை, முப்பது ஆண்டுகள் கழித்தேனும் எங்கள் நாடு சட்டமாக்கியது மெச்சத்தக்கது என்பதில் எனக்கு ஐயமில்லை.

மெச்சிய பின் சொல்ல வேண்டியவையும் உண்டு. அதிகாரசபையின் அலுவலகம் பத்தரமுல்லையில் இருக்கிறது. வெருகலில் கூலிவேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு, மேல் நீதிமன்றத் தவணைக்காகத் திருகோணமலை நகருக்கு வந்துபோவதே ஒருநாள் கூலியையும் பஸ் காசையும் இழப்பதாக இருக்கும்போது, கொழும்புப் பக்கம் போவதை அவர் நினைத்தும் பார்க்க மாட்டார். நாங்கள் விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். வசதி இல்லாதவர்களுக்கும் அதுவே நல்லது.

விண்ணப்பத்தை விடக் கடினமானது ஆவணங்களைச் சேர்ப்பது. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்பதால் செலவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. கையிருப்பில் இல்லாத மருந்தை வெளியே வாங்க வேண்டியிருக்கும்; சில பரிசோதனைகளைத் தனியாரிடம் செய்ய வேண்டியிருக்கும். சின்னம்மா மருந்துக்கடைப் பற்றுச்சீட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் பத்திரமாகத்தான் வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தபோது பாதிச் சீட்டுகளில் எழுத்து மங்கி, வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டிருந்தது. கடையின் பெயர் தெரிந்த சீட்டில் தொகை தெரியவில்லை, தொகை தெரிந்ததில் திகதி இல்லை. கடைக்காரர் தமது கொப்பியைப் புரட்டி வேறு எழுதிக் கொடுத்ததால் தப்பினோம். வாங்கிய அன்றே போட்டோக்கொப்பி எடுத்து, பின்பக்கத்தில் எந்த மருந்து என்று எழுதி வையுங்கள். முறைப்பாட்டின் பிரதி, வைத்தியசாலை நோயறிக்கை அட்டை, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், வங்கிப் புத்தகத்தின் பிரதி ஆகியவற்றையும் ஒரே கோவையில் வைத்திருப்பது நல்லது. காயம் எதுவானாலும், பொலிஸ் தரும் படிவத்துடன் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டாமல் விட்டுவிடாதீர்கள். பின்னர் காயத்துக்குச் சான்றாக நிற்பது அந்த அறிக்கைதான்.

இன்னொரு குறை என்னைக் கோபப்படுத்தியது. இந்த அலைச்சலின் நடுவே, ஓர் அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் முழுக்கச் சிங்களத்தில் இருந்தது. அதிலுள்ள திகதியைத் தவிர வேறெதையும் சின்னம்மாவால் வாசிக்க முடியவில்லை. அரசியலமைப்பின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிருவாக மொழி. தமிழில் பதில் பெறுவது சலுகையன்று, உரிமை. தமிழில் அனுப்புமாறு கேட்டு எழுதினோம், அனுப்பினார்கள். கேட்கத் தெரியாதவர் அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, பதில் சொல்ல வேண்டிய தவணையையும் தவறவிட்டிருப்பார்.

மூதூர், சம்பூர்ப் பக்கத்து மூத்தவர்கள் சிலர் போர்க்கால இழப்புகளுக்கும் இதே இடத்தில் கேட்கலாமா என்று வினவுகிறார்கள். அதற்கு உரிய வாசல் வேறு. 2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட இழப்பீடுகளுக்கான அலுவலகத்தை நாட வேண்டும்.

சின்னம்மாவின் விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருப்பதால், கிடைக்கும் தொகையை வைத்து இந்தச் சேவையை நான் அளக்கவில்லை. சட்டத்துக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். அது மக்களைச் சென்றடையும் விதத்துக்குப் பாதியும் கொடுக்க மனம் வரவில்லை. தமிழ் விண்ணப்பப் படிவமும் தேவையான ஆவணங்களின் பட்டியலும் எமது மாவட்டத்தின் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும், ஒவ்வொரு பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மற்றும் மகளிர் பிரிவிலும் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அதுவரை, தனியே நிரப்ப முடியாதவர்கள் 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம். போகும்போது முறைப்பாட்டுப் பிரதியை மறக்காமல் கொண்டு செல்லுங்கள்.