டேக் நல்ல டேக்தான், கேட்தான் சரியில்லை

அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார். அவர்கள் குடியிருப்பில் தானியங்கி கேட் போடப் போகிறார்களாம், அடுத்த வாரம் கூட்டம், கை தூக்கலாமா வேண்டாமா என்று. இரண்டு வரியில் பதில் போட உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது.

கம்பத்தில் டேக்கைப் படிக்கும் ரீடர், குறுக்கே தானாகத் தூக்கி இறங்கும் தடுப்புக் கம்பு (பூம் பேரியர்), காரின் முன்கண்ணாடியில் ஸ்டிக்கர் மாதிரி ஒரு டேக். சென்னை ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கத்தில் உள்ள எங்கள் குடியிருப்பில் இது வந்து சில வருடங்கள் ஆகின்றன. சுங்கச்சாவடியில் கட்டணம் கழிக்கிற ஃபாஸ்டேக் வைத்திருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

முதலில் டேக்கைப் பாராட்டிவிடுகிறேன், பிறகு மனசு வராது. உள்ளே பேட்டரி கிடையாது. ரீடர் வீசுகிற ரேடியோ அலையிலிருந்தே துளி மின்சக்தியை எடுத்துக்கொண்டு சில்லு விழிக்கிறது, தன் எண்ணைச் சொல்லிவிட்டு மறுபடி அடங்கிவிடுகிறது. ஃபாஸ்டேக்கும் இதே ஜாதிதான், நம் நாட்டில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை. சென்னை வெயிலில் நாள் முழுக்கக் காய்கிறது. டாஷ்போர்டே வெளுத்துப்போய்விட்டது, டேக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. சார்ஜ் போட வேண்டாம், புதுப்பிக்க வேண்டாம். இந்தக் காரில் நான் திட்டாத ஒரே பொருள் அதுதான்.

அப்படியானால் காலையில் ஏன் கேட் திறப்பதில்லை?

ஆரம்பத்தில் வந்த தகராறுகளுக்கெல்லாம் காரணம் இருந்தது. பலர் ஃபாஸ்டேக்கை ஒட்டியே இதையும் ஒட்டியிருந்தார்கள். இரண்டு டேக் அருகருகே இருந்தால் ஒன்றின் ஆன்டெனா இன்னொன்றைக் கெடுக்கும். ஒரு சாண் தள்ளி ஒட்டினாலே போதும். வெப்பம் தடுக்கும் உலோகப் பூச்சுள்ள கண்ணாடி என்றால் அலை உள்ளே நுழையவே திணறும். அந்த மாதிரி வண்டிகளில் ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் கருப்புப் புள்ளிகள் இருக்கும் இடத்தில் பெரும்பாலும் பூச்சு இருக்காது, அங்கே ஒட்ட வேண்டும். சில ஆன்டெனாக்களுக்கு டேக் படுக்கைவசமாக இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியும்; அழகுக்காக நெட்டுக்குத்தாக ஒட்டியவர்கள் ரிவர்ஸ் எடுத்து எடுத்துக் களைத்தார்கள். சுங்கச்சாவடியில் ரீடர் தலைக்கு மேலே நின்று கண்ணாடியை நேராகப் பார்க்கிறது. எங்களுடையது பக்கத்துக் கம்பத்தில், அதையும் ஒரு தண்ணீர் லாரி இடித்துத் திருப்பிவிட்டுப் போனது. ஏணி போட்டுக் கோணத்தைச் சரிசெய்த அன்றே பாதிப் புகார்கள் நின்றுவிட்டன. டூவீலர் பாதையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் அது தனிக் கட்டுரை, விடுங்கள்.

என் பிரச்சினை வேறு. டேக் படிக்கிறது, பீப் சத்தம் வருகிறது, ஆனால் சிவப்பு விளக்கு. ஒரு நாள் காலையில் வரும், ஒரு நாள் சாயங்காலம் வரும், அப்புறம் பத்து நாள் ஒன்றுமே இருக்காது. "பின்னாடி எடுத்து மறுபடி வாங்க சார்" என்பார் செக்யூரிட்டி அண்ணன். பின்னால் ஸ்கூல் வேன் நிற்கும், அதற்குப் பின்னால் தண்ணீர் லாரி. பின்னாடி எங்கே எடுப்பது?

பராமரிப்பு ஒப்பந்தக்காரர்களின் ஆள் வந்தார். கையடக்க ரீடரைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்து, "டேக் நல்லாதான் சார் இருக்கு" என்றார். நல்லாதான் இருக்கிற டேக்கைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுசு ஒட்டினார், அதற்குப் பணமும் வாங்கினார். உடனே கேட் திறந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். சில நாட்களில் மறுபடி சிவப்பு.

விஷயம் செக்யூரிட்டி அறைக் கணினியில் இருந்தது. ஒரு நாள் என் கார் பேரியரில் மூக்கை வைத்துக்கொண்டு வெளியே நிற்கிறது, திரையில் என் ஃபிளாட் எண்ணுக்கு நேரே 'உள்ளே' என்று பச்சையில் காட்டுகிறது. ஏற்கெனவே உள்ளே இருக்கிற வண்டி எப்படி மறுபடி உள்ளே வரும்? அதனால் மறுக்கிறது. இதற்கு ஆன்டி-பாஸ்பேக் என்று பெயர். அன்று காலையில் மழை, ரீடர் தாமதித்தது, அண்ணன் இரக்கப்பட்டு ரிமோட்டை அமுக்கி என்னை வெளியே அனுப்பினார். ரிமோட்டில் திறந்தால் வண்டி போன கணக்கு ஏறாது. அவர் காலையில் காட்டிய இரக்கத்துக்கு நான் சாயங்காலம் தண்டனை அனுபவிக்கிறேன். புது டேக் ஏன் வேலை செய்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. புது எண்ணுக்குப் பழைய கணக்கு எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

இந்த விதி கையில் வைத்திருக்கும் அட்டைகளுக்கானது. உள்ளே போனவர் அட்டையை வெளியே நிற்பவரிடம் நீட்டிவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. உரித்தால் ஆன்டெனாவே கிழிந்துபோகிற ஸ்டிக்கரை நான் யாரிடம் நீட்ட முடியும்? அசோசியேஷனில் இதைக் கேட்டால் "அது செக்யூரிட்டி ஃபீச்சர் சார்" என்கிறார்கள். கடைசியில் தினமும் நள்ளிரவில் உள்ளே-வெளியே கணக்கை அழித்துவிட ஏற்பாடு செய்தார்கள். வார நாள் தொல்லை பெரும்பாலும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும், கறி வாங்கி வரும்போது அண்ணன் ரிமோட்டில் திறந்துவிட்டிருந்தால், கொத்தமல்லியை மறந்துவிட்டோமே என்று திரும்பக் கிளம்பும்போது மாட்டிக்கொள்ளலாம்.

ஓஎம்ஆரில் இருந்த நாவலூர் சுங்கச்சாவடியை 2023-ல் எடுத்த பிறகு எனக்கு ஃபாஸ்டேக்குக்கு வேலை ஊருக்குப் போகும்போதுதான், செங்கல்பட்டுப் பக்கம் பரனூர் சுங்கச்சாவடியில் ஆரம்பிக்கும். அங்கே எனக்கு ஒரு தைரியம் உண்டு. டேக் செல்லுபடியாகி, பணமும் இருந்து, அவர்கள் கருவி வேலை செய்யாவிட்டால் கட்டணமில்லாமல் விட வேண்டும், பூஜ்ஜிய ரசீதும் தர வேண்டும் என்று 2018-லேயே மத்திய அரசு அறிவிக்கை போட்டிருக்கிறது. மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிற என் சொந்தக் கேட்டில் அந்த உரிமை கிடையாது.

நியாயமாகவும் சொல்ல வேண்டும். மழையில் ரெஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு செக்யூரிட்டி ஓடிவருவது நின்றது. நடு இரவில் ஹார்ன் அடித்து ஊரை எழுப்ப வேண்டியதில்லை. எந்த வண்டி எப்போது வந்தது என்று தகராறு வந்தால் பதிவு இருக்கிறது, ரிமோட் புண்ணியத்தில் பாதிதான் என்றாலும்.

நண்பருக்கு என் பதில்: டேக் தரமாக இருக்கும், பயப்பட வேண்டாம். போடுகிறவர்களிடம் ஆன்டி-பாஸ்பேக்கை முழுசாக அணைக்க முடியுமா, ரிமோட் அமுக்கினால் கணக்கில் ஏறுமா, இது இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். கிடைத்தால் கை தூக்குங்கள், நல்ல ஏற்பாடுதான். ஆனால் எங்கள் குடியிருப்பில் இதே கேள்வி மறுபடி வந்தால் நான் எதிர்த்துத்தான் கை தூக்குவேன். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, கொத்தமல்லியும் வாங்க முடியவில்லை, வேறு எப்படிச் சொல்வேன்?