நெட் ஸ்லோவுக்குப் புது லேப்டாப் தேவையா? ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஏழாயிரத்துக்குள் முடிந்த வேலை

மச்சான் வீட்டு லேப்டாப் 2017-ல் வாங்கியது. ஐ3 ஆறாம் தலைமுறை, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் லைன் இருந்தும் ஒரு செய்தித் தளத்தைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், சுற்றி முடிந்தபிறகும் பக்கத்தை மேலே கீழே நகர்த்தினால் திக்கித் திக்கித்தான் வரும். ஐம்பத்தைந்தாயிரத்துக்கு ஒரு புது லேப்டாப்பைக் கார்ட்டில் போட்டு வைத்துவிட்டு, "இதை வாங்கினா நெட் ஸ்பீடா வந்துடுமா மச்சான்?" என்று கேட்டார். வரும் என்றும் சொல்ல முடியாது, வராது என்றும் சொல்ல முடியாது. அதனால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் வட்டாரத்தில், நரசிங்கபுரம் தெருவில் நான் வழக்கமாகப் போகும் சர்வீஸ் கடைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனோம். மாடியில் இருக்கிற சின்னக் கடை, இப்போதே உட்கார இடமில்லை, அதனால் பெயரைப் போடப்போவதில்லை. அங்கே செய்த வேலை எப்படி, அதில் எது சரியானது எது சரியாகவில்லை என்பதைத்தான் எழுதுகிறேன்.

அந்தக் கடைத் தம்பி முதலில் ஸ்க்ரூடிரைவரைத் தொடவே இல்லை. லேப்டாப்பையும் மச்சானின் போனையும் கடை வைஃபையில் போட்டு, இரண்டிலும் நெட் வேகத்தை அளந்து காட்டும் ஃபாஸ்ட்.காம் தளத்தைத் திறந்தார். போனில் கடை லைனின் முழு வேகமும் வந்தது, லேப்டாப்பில் நாற்பது எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை. அப்புறம் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி, மெஷினில் எது எவ்வளவு வேலை வாங்குகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஓரமாக வைத்துக்கொண்டு, குரோமில் நாலைந்து டேப் திறந்தார். மெமரி, அதாவது ராம், தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டியது, டிஸ்க் 100 சதவீதத்தில் போய் நின்றது, அங்கேயே நின்றுகொண்டிருந்தது. "சார், நெட்டும் பிரச்சினை, மெஷினும் பிரச்சினை. ரெண்டும் வேற வேற" என்றார். புது மெஷினை விற்றால் அவருக்குத்தான் லாபம், இருந்தும் அதைப் பற்றிப் பேச்செடுக்கவே இல்லை. எனக்கு அந்தக் கடை பிடிப்பதற்குக் காரணம் இதுதான்.

டிஸ்க் ஏன் 100-க்குப் போகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "நெட் ஸ்லோ" என்று நாம் திட்டுவதில் பாதி இதுதான். குரோம் பெரும்பாலும் ஒவ்வொரு டேபையும் தனித்தனி புராசஸாக, அதாவது தனித்தனி நிரல் மாதிரி ஓட்டுகிறது. 4 ஜிபி ராமில் விண்டோஸே பாதியைச் சாப்பிட்டுவிடும். மிச்சத்தில் இடம் போதாமல் போனால் ராமில் இருப்பதைத் தூக்கி ஹார்ட் டிஸ்க்கில் வைக்கும், நீங்கள் டேபை மாற்றினால் மறுபடி அங்கிருந்து எடுத்து வரும். 5400 ஆர்பிஎம் தட்டு சுற்றுகிற டிஸ்க் இப்படித் துண்டு துண்டாக எடுக்கிற வேலையில் நொடிக்கு நூறு தடவைக்கு மேல் போவதே கஷ்டம். ஃபைபர் லைன் பக்கத்தை எப்போதோ கொண்டுவந்து கொடுத்திருக்கும், வாங்கி வைக்கத்தான் லேப்டாப்பில் இடம் இல்லை. இந்த நிலையில் பிளானை 300 எம்பிபிஎஸ்ஸுக்கு ஏற்றினாலும் ஒரு பயனும் கிடையாது.

வைஃபை கதை வேறு. கறுப்புத் திரையில் வைஃபை விவரம் சொல்லும் நெட்ஷ் கட்டளை ஒன்றைத் தட்டிக் காட்டினார்: 802.11என் என்கிற பழைய வைஃபை தரம், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, ரிசீவ் ரேட் 72 எம்பிபிஎஸ். அந்தக் காலத்து மலிவு லேப்டாப்கள் பலவற்றில் ஒற்றை ஆன்டெனா, ஒற்றை பேண்ட் (2.4 மட்டும்) வைஃபை கார்டுதான் போட்டிருப்பார்கள். 72 என்பது காகிதக் கணக்கு, கையில் கிடைப்பது நாற்பதோ ஐம்பதோ. அடுக்குமாடி வீட்டில் அதுவும் கிடைக்காது. 2.4-ல் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றே மூன்றுதான், மாடிக்கு நாலு ரவுட்டர் இருந்தால் எல்லாரும் அதே மூன்றில்தான் முண்டியடிக்க வேண்டும். போதாததற்கு மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அதே அலைவரிசை.

ஆக, செய்தது மூன்று வேலை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு தட்டு சுற்றாத, வேகமான சேமிப்பான 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, காலியாக இருந்த ஸ்லாட்டில் இன்னொரு 4 ஜிபி டிடிஆர்4 ராம், அப்புறம் ஏசி600 வகை யூஎஸ்பி வைஃபை டாங்கிள், அதாவது யூஎஸ்பியில் செருகுகிற சின்ன வைஃபை கருவி. எல்லாம் சேர்த்து, கூலியோடு, ஏழாயிரத்துக்குள். பழைய டிஸ்க்கில் இருந்ததை அப்படியே எஸ்எஸ்டிக்கு குளோன் செய்து கொடுத்துவிட்டார், விண்டோஸைப் புதிதாகப் போட்டு எல்லாவற்றையும் மறுபடி நிறுவுகிற தலைவலி இல்லை. ராம் விலை சமீபமாக ஏறிக் கிடக்கிறது, அதனால் ஒரு வருடத்துக்கு முன்பு செய்திருந்தால் இன்னும் குறைவாக முடிந்திருக்கும்.

எஸ்எஸ்டிக்கும் ராமுக்கும் முழு மதிப்பெண். ஆன் செய்தவுடன் வேலை பார்க்க முடிகிறது, டேப் மாற்றும்போது முழிப்பதில்லை, டிஸ்க் 100-ஐ எப்போதாவதுதான் தொடுகிறது. டாங்கிளுக்கு அவ்வளவு கொடுக்க மாட்டேன். பெட்டியில் 600 என்று பெரிதாகப் போட்டிருப்பதை நம்பாதீர்கள், 2.4 கிகாஹெர்ட்ஸில் 200, 5 கிகாஹெர்ட்ஸில் 433 எம்பிபிஎஸ், இரண்டையும் கூட்டி ஒரு எண்ணாக எழுதுகிறார்கள், ஆனால் ஓடுவது ஏதாவது ஒன்றில்தான். ரவுட்டர் இருக்கிற ஹாலில் 5 கிகாஹெர்ட்ஸில் பிளானின் முழு வேகமும் வருகிறது. நடுவில் இரண்டு சுவர் வந்துவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் மூச்சு வாங்குகிறது, பின்பக்கப் படுக்கையறையில் பழைய கதைதான். அந்த அறைக்கு ரவுட்டரிலிருந்து ஒரு கேபிள் இழுப்பதுதான் வழி, ஐம்பத்தைந்தாயிரம் லேப்டாப் வாங்கியிருந்தாலும் அதே சுவர்தான்.

எதுவுமே மாறாத இடங்களும் இருக்கின்றன. பிளஸ் டூ ரிசல்ட் வருகிற காலையில், கடைசித் தேதியன்று ஏதாவது படிவம் நிரப்புகிற மாலையில், அந்தப் பக்கத்து சர்வர் திணறினால் இந்தப் பக்கம் என்ன மெஷின் வைத்திருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும். வீட்டில் யாராவது போனிலிருந்து கல்யாண வீடியோவை மொத்தமாக கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருந்தால் மேலே போகிற வழி அடைபட்டு எல்லாருடைய பிரவுசிங்கும் படுத்துவிடும், அதுவும் லேப்டாப்பின் குற்றமில்லை. விளம்பரம் கொட்டிக் கிடக்கிற தளங்களுக்கு மட்டும் பிராசஸர் வேகம் கொஞ்சம் உதவும், ஏனென்றால் அந்த ஸ்கிரிப்டுகள் எல்லாம் ஓடுவது நம் மெஷினில்தான். குரோமில் ஷிஃப்டும் எஸ்கேப்பும் அழுத்திப் பாருங்கள், எந்த டேப் எவ்வளவு பிராசஸரைத் தின்கிறது என்று தெரியும். மச்சானின் குரோமில் எதற்கென்றே தெரியாத எக்ஸ்டென்ஷன்கள் ஒரு வரிசை இருந்தன. பிள்ளைகள் போட்டதாம். அவற்றைத் தூக்கியதற்குக் காசே இல்லை.

அப்படியென்றால் புது லேப்டாப் யாருக்கு? விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏறவேண்டும் என்றால் இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும், இந்த ஐ3 அதில் வராது. நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்து வைத்திருக்கிறோம், அதற்குப் பிறகு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்கிற இலவச இயங்குதளம் போடுவதாகத் திட்டம். வங்கி வேலை, அலுவலக வேலை எல்லாம் இதே மெஷினில்தான், லினக்ஸ் எல்லாம் நமக்கு ஆகாது என்பவர்கள் இந்த ஏழாயிரத்தைப் பழையதில் போடாமல் புதிதையே பார்க்கலாம். ஆனால் அதிலும் 4 ஜிபி ராம் மாடலைத் தலையில் கட்டினால் வாங்காதீர்கள், 8 என்பது இன்றைக்குக் குறைந்தபட்சம்.

கடையைப் பற்றி: வேலை சுத்தம், பேச்சு நேர்மை. குறைகளும் உண்டு. "ஒரு மணி நேரம் சார்" என்றவர் குளோனிங் முடிக்கச் சாயங்காலம் ஆக்கிவிட்டார். பில் நாமே கேட்டால்தான் வரும், வாரன்ட்டிக்கு அது வேண்டும், கேட்டு வாங்குங்கள். அடிப்பக்க மூடியில் ஒரு ஸ்க்ரூ குறைந்தது, திரும்பப் போய்க் கேட்டதும் டப்பாவைக் கிளறி வேறொன்று போட்டுக் கொடுத்தார். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் ஃபைல்கள் எல்லாம் அதில் அப்படியே இருக்கும். வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடப்பது மேல். ஞாயிற்றுக்கிழமை தெருவே மூடிக் கிடக்கும். சார்ஜரை எடுத்துப் போங்கள், அங்கே எல்லாப் பின்னும் கிடைக்கும், உங்கள் லேப்டாப்புக்குப் பொருந்துகிற பின் மட்டும் கிடைக்காது.